உதிரித் தோட்டாவின் இடது கால்

அத்தியாயம் 6

"தோட்டாவ பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போறவன் வேட்டைக்காரன் இல்ல மேடம். அவன் வேர்க்கடலை விக்கிறவன்."

சொல்லிவிட்டு ஹேமந்த் சிரித்தார். காபி கொண்டுவந்த ஆள் சிரித்தார். மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பவர் ஹேமந்த் இல்லை. பக்கத்து நாற்காலியில் ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்த சவுரியம்மாள்.

சவுரியம்மாளுக்குச் சத்துவாச்சாரியில் ஒரு மாடியறை இருக்கிறது. வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு. அதற்கு முன்னால் ஷூ கம்பெனிகளில் தரம் பார்க்கும் வேலை, அதாவது கியூசி. தையல் கோணல், ஒட்டு சரியில்லை என்று லட்சக்கணக்கான ஷூக்களை ஒதுக்கித் தள்ளிய கை அது. இப்போது மனிதர்களை அதே மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நான் ஜீவா. அவருடைய உதவியாளன், டிரைவர், போட்டோகிராபர், கேட்காதபோது பேசுகிறவன்.

ஹேமந்த் எங்கள் கட்சிக்காரர். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஷூ செய்து அனுப்பும் கம்பெனி அவருடையது. ஏலகிரி அடிவாரத்தில் ஒரு பண்ணை வீடும், லைசென்ஸோடு ஒரு ரைஃபிளும் உண்டு. லைசென்ஸில் 'தற்காப்புக்காக' என்று போட்டிருந்தது. இந்த நாட்டில் வேட்டையாடக் கூடாது என்று சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அந்தச் செய்தி இவருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதற்குச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய போட்டோவே சாட்சி. பச்சைத் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், குறுக்கே தோல் பெல்ட், பெல்ட் நெடுகத் தோட்டா, கையில் ரைஃபிள், பின்னால் நீல மலை. மலையின் ஓரத்தில் துணி மடிப்பு தெரிந்தது. வேலூரில் ஏதோ ஸ்டூடியோ.

போன வாரம் அந்த ரைஃபிள் சுட்டுவிட்டது. பொழுது சாயும் நேரத்தில், பண்ணைக்குப் பின்னால் காட்டோரமாக யாரோ பன்றி வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். குண்டு பாய்ந்தது வேட்டைத் தடுப்புக் காவலர் ரத்தினசாமியின் தொடையில். ஆள் பிழைத்துக்கொண்டார். ரைஃபிள் புதரில் கிடைத்தது. மிச்சத் தோட்டாக்கள் ஒரு மஞ்சள் துணிப்பைக்குள், பண்ணைக் காவலாள் பூவரசன் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் கிடைத்தன. பூவரசன் வேலூர் ஜெயிலில் இருக்கிறான். 'துப்பாக்கிய எடுத்துக்கினு போனது முதலாளிதான்' என்று அவன் சொன்னான். போலீஸார் சிரித்தார்கள். முதலாளிகளைப் பற்றி ஜெயிலில் இருப்பவன் வேறென்ன சொல்வான்?

ஹேமந்துக்குக் கவலை பூவரசனைப் பற்றி இல்லை, லைசென்ஸைப் பற்றி. துப்பாக்கியை ஒழுங்காகப் பூட்டித்தான் வைத்திருந்தார், காவலாள் திருடிவிட்டான் என்று ஒரு தனியார் துப்பறிவாளர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சார்," என்றார் சவுரியம்மாள். "துப்பாக்கியில போட்ட தோட்டா தீந்துட்டா, அடுத்ததை எங்க வச்சிருப்பாங்க? பாக்கெட் கூடாதுன்னீங்க."

"கூடவே கூடாது. நடந்தா கலகலன்னு சத்தம் வரும். பன்னிக்குக் காது ஜாஸ்தி மேடம். மனுஷன் மாதிரி இல்ல."

"அப்போ துணிப்பை?"

"அது அந்தப் பூவரசன் மாதிரி ஆளுங்களுக்கு. உள்ள கைய விட்டுத் துழாவணும். தோட்டா தலைகீழா வரும், குறுக்கால வரும். நீங்க அதை நேர் பண்றதுக்குள்ள பன்னி பேரன் பேத்தி எடுத்துடும்."

மறுபடி அறை முழுக்கச் சிரிப்பு. சம்பளத்தில் இதுவும் சேர்த்தி போலிருக்கிறது.

"போட்டோவுல இருக்கற மாதிரி தோல் பெல்ட்?"

"பாக்க கெத்தா இருக்கும். ஆனா குனிஞ்சா வயித்துல குத்தும். அப்புறம் தோல்லயே மாசக்கணக்குல விட்டுட்டா பித்தளை பச்சை பூத்துடும். தோல் வியாபாரி நான், எனக்குத் தெரியாதா?"

"வேற வழியே இல்லையா சார்?"

இதுவரை மடை திறந்த மாதிரி பேசியவர் சட்டென்று செல்போனைப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை. "வேற என்ன இருக்கு? அவ்ளோதான்."

"வேட்டைக்கே போகாத நீங்க இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. போயிருந்தா?" என்றேன் நான். சவுரியம்மாள் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அப்போது ஒரு சூப்பர்வைசர் கையில் தோல் துண்டோடு வந்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஹேமந்தின் முகம் மாறிவிட்டது. "இதை ஏன்யா குப்பையில போட்டீங்க? இதுல ஷூவுக்கு ஒரு நாக்கு வெட்டலாம். இன்னா நினைச்சிட்டிருக்கீங்க, உங்கப்பன் வூட்டுத் தோலா?" என்று ஆரம்பித்து அவர் முடிக்கும்வரை எங்களை மறந்தேவிட்டார். தொடையில் குண்டு பாய்ந்த ஆளைப் பற்றிப் பேசியபோது வராத கோபம் அது.

"என் ஃபேக்டரியில எதுவும் வீணாகாது மேடம்," என்றார் பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே. உண்மைதான். காபி டம்ளருக்கு அடியில் ஷூ தோல் துண்டு. ஜன்னல் திரையைக் கட்டியிருந்தது ஒட்டிப் பிரிக்கிற ரோஸ் நிற வெல்க்ரோ பட்டை. ஏதோ நாட்டுச் சின்னப் பெண்களின் ஷூவுக்கு வந்து மிஞ்சியது. கம்பெனி வைத்திருக்கிறவர் திரைக்கு ஒரு கயிறு வாங்க மாட்டார்.

வெளியே கேட்டருகில் ஒரு பெண் வேகாத வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். எங்கள் பழைய ஆம்னி வந்ததும் குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்கதானே முதலாளி வச்ச சிஐடி?"

"நீங்க யாரும்மா?"

"அம்பிகா. பூவரசன் வூட்டுக்காரி. இதே கம்பெனி சாம்பிள் ரூம்லதான் தையல். அவரைப் புடிச்ச அன்னிக்கே என்னையும் வராதன்னுட்டாங்க." அவள் அழவில்லை. அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை பெயில் மனு வருது. நீங்க அவன்தான் திருடன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா அவ்ளோதான். எழுதத்தானே போறீங்க. முதலாளி காசுக்கு அவரு சொன்னதைத்தானே எழுதுவீங்க."

அந்தக் கேலி எனக்குச் சுட்டது. ஏனென்றால் அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

சவுரியம்மாள் கோபிக்கவில்லை. "நான் கியூசி பாத்தவ அம்பிகா. மால் சரியா இருந்தாதான் பாஸ் போடுவேன். முதலாளி மூஞ்சியப் பாத்துப் போட மாட்டேன். உன் வூட்டுக்காரன் துப்பாக்கி தொட்டிருக்கானா?"

"தொடச்சி எண்ணெய் போடுவாரு. சுடத் தெரியாது. பன்னி வந்தா தகரம் தட்டுவாரு. அதுக்குத்தான் அவரை வச்சதே."

"வெள்ளிக்கிழமைக்கு முன்ன வர்றேன்," என்றார் சவுரியம்மாள்.

வண்டியில் ஏறியதும் நான் கேட்டேன். "அக்கா, நம்ம கட்சிக்காரரையே கவுத்தா நமக்கு யாரு சோறு போடுவாங்க?"

"வாய மூடிட்டு ஏலகிரி பக்கம் ஓட்டு."

அடிவாரப் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மூர்த்தி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒரு முறை முடிந்துவிட்ட கேஸை மறுபடி திறப்பதென்றால் மட்டும் அவருக்கு உடம்புக்கு ஆகாது. ஹேமந்தின் ஆட்கள் என்பதால் எங்களுக்கு நாற்காலியும் கிடைத்தது, ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் கிடைத்தது.

"கண்ணாடி மாதிரி கேஸ் மேடம். ரத்தினசாமி வாக்குமூலத்தைக் கேளுங்க. யாரோ பன்னியைப் பாத்து டப்பு டப்புன்னு சுட்டிருக்கான். ஒண்ணும் படல. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் துணி கிழிஞ்ச மாதிரி சர்ருன்னு ஒரு சத்தம். அடுத்த வெடி, இவரு தொடை."

"கிழிஞ்ச சத்தமா?"

"ஆமா. போட்டிருந்த தோட்டா தீந்துபோச்சு. பதட்டத்துல மஞ்சப்பையை இழுத்துக் கிழிச்சு உள்ள இருந்து எடுத்திருக்கான்." தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு இன்னொரு பிஸ்கட் எடுத்தார்.

"அந்தப் பையைப் பாக்கலாமா?"

பை வந்தது. ஏதோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பை. மணமக்கள் பெயர்கூட அழியவில்லை. சவுரியம்மாள் அதைத் தொடாமல், கண்ணாடிப் பேப்பருக்கு மேலேயே திருப்பிப் பார்த்தார். ஓரம், அடி, கைப்பிடி. பழைய பழக்கம்.

"கிழியவே இல்லையே சார்."

இன்ஸ்பெக்டர் மென்று முடித்தார். "தையல் விட்டிருக்கும்."

"இல்ல. தையல் எல்லாம் நல்லா இருக்கு. இந்தப் பை பாஸ்."

சுட்ட ரைஃபிளையும் தூரத்திலிருந்து காட்டினார்கள். பூவரசன் எண்ணெய் போட்டுத் துடைத்த இரும்பு பளபளவென்று இருந்தது. தோளில் சாய்த்துக்கொள்ளும் மரக்கட்டையில் மட்டும் விரலகலத்தில் இரண்டு பட்டை, சுற்றிவர மழமழவென்று தேய்ந்திருந்தது. ஏதோ இறுக்கிக் கட்டி, பல நாள் அப்படியே இருந்த தடம். நான் போட்டோ எடுத்தேன்.

"இது இன்னா சார்?" என்றேன்.

"கட்டை. அது அப்படித்தான் இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். துப்பறியும் கலையில் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறவரை நான் பார்த்ததில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தினசாமி காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஒல்லியான, முறைப்பான மனிதர். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பணக்காரன் ஆளுங்களா? எத்தினி பேரு வருவீங்க? மூஞ்சியப் பாக்கல. புதரு மறைச்சிடுச்சி. அதான் சொல்லிட்டனே."

"மூஞ்சி வேணாங்க," என்றார் சவுரியம்மாள். "காதுல இன்னா கேட்டீங்க?"

"சுட்டான், சுட்டான், சுட்டுக்கினே இருந்தான். பன்னி நின்னு திரும்பிப் பாத்துட்டுப் போச்சு. அப்படி ஒரு சூரன். பூவரசனா இருந்தா தகரத்தைத் தட்டி இருப்பான், பன்னியாவது ஓடி இருக்கும்." வலியிலும் அவருக்கு நக்கல் போகவில்லை. "அப்புறம் சத்தம் நின்னுச்சி. தோட்டா தீந்துச்சின்னு நெனச்சி நான் கிட்ட போனேன். சர்ருன்னு கிழிஞ்ச சத்தம். எதைக் கிழிச்சான்னு தெரியல. புதரு அசையுதுன்னு என்னையே பன்னின்னு சுட்டுட்டான்."

"நடக்கறப்ப தோட்டா உரசுற சத்தம், கலகலன்னு?"

"ஒண்ணும் இல்ல."

அந்த நேரத்தில் நர்ஸ் வந்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ரத்தினசாமியின் கையில் சுற்றினார், காற்றடித்தார், எண்ணைப் பார்த்தார். பிறகு பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

சர்ர்ர்.

ரத்தினசாமியின் உடம்பு கட்டிலில் தூக்கிப்போட்டது. தொங்கவிட்ட கால் ஆடியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பட்டையையே பார்த்தார்.

"தெனமும் இப்படித்தான் பண்றாரு," என்று சிரித்தார் நர்ஸ். "பிரஷர் மெஷினுக்கு பயப்படற காட்டுக்காரரை இப்பதான் பாக்கறேன்."

சவுரியம்மாள் குனிந்தார். "இந்தச் சத்தம்தானா?"

ரத்தினசாமி தலையாட்டினார். "இதேதான். தெனம் இதைக் கேட்டுத்தான் பேஜாரா இருக்குது, ஏன்னு தெரியாம இருந்தேன். இதேதாங்க."

நர்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

வண்டி பாகாயம் பக்கம் திரும்பியது. சவுரியம்மாள் சொன்னார்: "ஹேமந்த் மூணு வழி சொன்னான். பாக்கெட், பை, பெல்ட். நாலாவதை முழுங்கிட்டான்."

"இன்னா அது?"

"முன்ன நான் இருந்த கம்பெனியில வெளிநாட்டு ஆர்டருக்குச் செஞ்சிருக்கோம். துப்பாக்கிக் கட்டைக்கே தோல்ல ஒரு சட்டை மாதிரி. ரெண்டு பட்டையால இறுக்கிக் கட்டிடுவாங்க. பக்கவாட்டுல வரிசையா தோட்டா சொருகற இடம், மேல ஒரு மூடி. கன்னத்தைக் கட்டையில சாய்ச்சிதானே குறி பாப்பாங்க? அந்தப் பக்கம் வெறுமையா இருக்கும், மறுபக்கம் தோட்டா. கைய நீட்டுனா அடுத்த தோட்டா. சத்தம் வராது, தலைகீழா வராது. இருக்கறதுலயே நல்ல வழி."

"சத்தம் வந்துச்சே அக்கா."

"அதான் விஷயம். மூடிக்கு பொத்தான் வைப்பாங்க, இல்ல சும்மா தோல் வார். காட்டுக்குள்ள எவனாவது வெல்க்ரோ வைப்பானா? பன்னிக்கு மணி அடிச்சி, வந்துட்டேன்னு சொல்ற மாதிரி. எவன் வைப்பான், சொல்லு."

எனக்கு ஜன்னல் திரை ஞாபகம் வந்தது. "எவன் வூட்ல ஓசியில கெடக்குதோ, அவன்."

சவுரியம்மாள் என்னைப் பாராட்டவில்லை. ஆனால் காலை மிதிக்கவும் இல்லை.

"பிரயோஜனம் இல்லக்கா," என்றேன். "சுட்ட அன்னிக்கே அதைக் கழட்டிக் கொளுத்தி இருப்பான். இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதுவும் சாம்பல்."

"ஒண்ணே ஒண்ணா?" சவுரியம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். "ஆம்பூர்ல எவன்டா ஒண்ணே ஒண்ணு செய்வான்?"

மறுநாள் காலை ஹேமந்துக்கு அவர் போன் செய்தார். 'உங்க கம்பெனி எவ்வளவு ஒழுங்கா நடக்குதுன்னு ரிப்போர்ட்ல ஒரு பாரா எழுதணும் சார். சாம்பிள் ரூம் பாக்கலாமா?' என்று கேட்டார். தன்னைப் பற்றி ஒரு பாரா என்றதும் ஹேமந்த் வாயெல்லாம் பல்லாகச் சரி என்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் மூர்த்திக்கும் ஒரு போன். ரிப்போர்ட் கொடுக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். டிபன் உண்டு என்று நான் சேர்த்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவர் வரமாட்டார்.

சாம்பிள் ரூமில் குர்ஷித் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எல்லாரையும் திட்டுவார் என்று தெரிந்தது. புது மாடல் ஷூ எதுவானாலும் முதலில் அவர் மேஜையில்தான் பிறக்க வேண்டும். அலமாரிகள் முழுக்க ஷூக்கள், அடி ஒட்டாத மேல்தோல்கள், பட்டைகள். எல்லாம் ஜோடி ஜோடியாக.

சவுரியம்மாள் சுற்றிப் பார்த்தார். ஒரு ஷூவை எடுத்துத் திருப்பினார், வைத்தார். பிறகு நேற்று விட்டுப்போன பேச்சைத் தொடர்கிறவர் போல, திரும்பாமலே கேட்டார்.

"பாய், முதலாளி தனியா ஒரு ஐட்டம் செய்யச் சொன்னாரே, வெல்க்ரோ மூடி போட்டு. அதோட இடது கால் எங்க?"

அப்படி ஒன்றைச் செய்தார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது.

"அதுவா? மேல் தட்டுல இருக்கு," என்றார் குர்ஷித் மாஸ்டர், சலிப்போடு. ஸ்டூலில் ஏறி, தூசு தட்டி, எடுத்து மேஜையில் போட்டார்.

பழுப்புத் தோலில் கையளவு சட்டை. இரண்டு பட்டைகள். ஒரு பக்கம் வெறுமை, மறுபக்கம் வரிசையாகத் தோல் வளையங்கள். மேலே ஒரு மூடி. மூடிக்கு உள்ளே, சாட்சாத் ரோஸ் நிற வெல்க்ரோ. புறப்பட்டது காட்டுப் பன்றியைக் கொல்ல, மாட்டிக்கொண்டு போனது பாப்பா ஷூ பட்டை. உட்பக்கத்தில் ஷூவுக்குப் போடுவதைப் போலவே வெள்ளிப் பேனாவால் 'L' என்று எழுதியிருந்தது.

"இன்னாத்துக்குன்னு சொன்னாரு பாய்?"

"பேனா வைக்கவாம். நாற்காலிக் கையில கட்டிக்கிறதுக்கு. அவரு பேனா சொன்னாலும் சரி, பீரங்கி சொன்னாலும் சரி, நான் வெட்டிக் குடுப்பேன். ஒண்ணு போதும்னாரு. முப்பது வருசமா இந்தக் கை ஒத்தைக் கால் வெட்டுனதில்லம்மா. தோல் வெட்டுற டையைத் திருப்பிப் போட்டா அடுத்த கால். வலதை எடுத்துட்டுப் போனாரு. இடதை நான் வச்சிட்டேன், கேக்கும்போது குடுக்கலாம்னு."

"அவரு கேக்கல?"

"இப்படி ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சாதானே கேப்பாரு?"

ஹேமந்தின் அறையில் இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே இட்லிக்கு வந்து சேர்ந்திருந்தார். சவுரியம்மாள் குர்ஷித் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அந்தத் தோல் சட்டையை மேஜை நடுவில் வைத்தார்.

ஹேமந்த் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய கை காபி டம்ளருக்குப் போய்விட்டது. ஆனால் குரல் அசையவில்லை. அந்த வரைக்கும் பாராட்டத்தான் வேண்டும்.

"என்ன மேடம் இது?"

"நீங்கதான் சொல்லணும் சார். உங்க சாம்பிள் ரூம்ல இருந்துச்சி. தோட்டா வைக்கிறது."

"நான் இதைப் பாத்ததே இல்ல. இந்த மாதிரி எதுவும் செய்யச் சொல்லவும் இல்ல. ஆயிரம் சாம்பிள் வரும், போகும். மூர்த்தி சார், இன்னா விளையாட்டு இது?"

இன்ஸ்பெக்டர் இட்லியோடு இரண்டு பக்கமும் பார்த்தார். இந்த இடத்தில் அவர் எழுந்து போயிருக்க வேண்டியவர். சட்னி மிச்சம் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார், என் தப்பு," என்றார் சவுரியம்மாள் பணிவாக. அந்தப் பணிவு எனக்குத் தெரியும். ஒரு லாட் ஷூ முழுவதையும் திருப்பி அனுப்பப் போகும்போது வருவது. "பாய், அப்போ இது சும்மா கெடந்த பீஸ்தானே. கழிவுத் துண்டுல வெட்டுனதா?"

குர்ஷித் மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கழிவுல வெட்ட நான் இன்னா செருப்புக் கடையா வச்சிருக்கேன்? முதுகுப் பக்கம்மா. முதல் ரகம். நடுத்தோலை விரிச்சுப் போட்டு வெட்டுனேன்."

"முதுகுத் தோலையா? யாருக்கும் வேண்டாத பீஸுக்கு, நடுவுல கை வச்சி? அப்போ மிச்சத் தோல்?"

"ஓரமாதான் மிஞ்சுச்சி. தூக்கிப் போட்டேன்."

ஹேமந்தின் கழுத்து நரம்பு புடைத்தது. பொறுத்துக்கொள்ளத்தான் பார்த்தார். மேஜையை இறுகப் பிடித்தார். ஆனால் பிறவிக் குணம் என்று ஒன்று இருக்கிறதே.

"யோவ், ஒண்ணு போதும்னுதானேய்யா உன்கிட்ட சொன்னேன். முதுகுத் தோலை நாசம் பண்ணி எவன்யா உன்னை ரெண்டு வெட்டச் சொன்னான்?"

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே கேட்டது. காபி கொண்டுவந்த ஆள் வழக்கம்போலச் சிரிக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார்.

"பேனா ஸ்டாண்டுன்னீங்க சார்," என்றார் குர்ஷித் மாஸ்டர் அப்பாவியாக. "ஒத்தையா வெட்ட மனசு வரல."

சவுரியம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஒண்ணு போதும்னீங்க. ரொம்பச் சரி. அந்த ஒண்ணு எங்க சார்?"

ஹேமந்த் செல்போனைக் கையில் எடுத்தார்.

"நான் சொல்றேன். அது உங்க ரைஃபிள்ல இருந்துச்சி. தடம் இன்னும் கட்டையில இருக்கு. ஜீவா, போட்டோவைக் காட்டு. ரெண்டு பட்டை. இதுலயும் ரெண்டு பட்டை, அதே அகலம், அதே இடைவெளி. ரத்தினசாமி மேல பாஞ்சது துப்பாக்கிக்குள்ள இருந்த தோட்டா இல்ல. அதெல்லாம் பன்னிக்கு வேடிக்கை காட்டியே தீந்துபோச்சு. பாஞ்சது உதிரி. அதை எடுக்கறப்ப வந்த சத்தம் இது."

மூடியைப் பிடித்து இழுத்தார்.

சர்ர்ர்.

இன்ஸ்பெக்டர் இலையை மடித்தார். கை கழுவவில்லை. "மஞ்சப்பையை நீங்கதான் அவன் வூட்ல வச்சீங்களா சார்?" என்று கேட்டார். ஹேமந்தை அவர் 'சார்' என்று கூப்பிட்டது அதுதான் கடைசி என்று எனக்குத் தோன்றியது.

"துணிப்பை பூவரசன் மாதிரி ஆளுங்களுக்குன்னு நேத்து இவரே சொன்னாரு," என்றார் சவுரியம்மாள். "தோட்டாவை எப்படித் தூக்கணும்னு அவ்ளோ பாடம் எடுத்தவரு, ஏழைன்னா மஞ்சப்பைதான்னு முடிவு பண்ணிட்டாரு. போலீஸும் அதையேதான் நெனச்சிது."

இன்ஸ்பெக்டர் கடைசி வாக்கியம் காதில் விழாததுபோல, வக்கீலுக்குப் போன் செய்துகொண்டிருந்த ஹேமந்தின் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார்.

கேட்டுக்கு வெளியே அம்பிகா நேற்று நின்ற அதே இடத்தில் நின்றிருந்தாள். ஹேமந்த் ஜீப்பில் ஏறுவதைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று அவள் முகம் இன்னும் முடிவு செய்யவில்லை.

"நாளைக்கே கோர்ட்ல சொல்லிடறேம்மா. வெள்ளிக்கிழமை உன் வூட்டுக்காரன் வெளியில வந்துடுவான்," என்றார் இன்ஸ்பெக்டர், என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி.

அவள் அதற்கு நன்றி சொல்லவில்லை. அவர் கையில், கண்ணாடிப் பேப்பர் உறைக்குள் இருந்த தோல் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து, மூடியோரத் தையலை விரலால் காட்டினாள்.

"இது நான் தெச்சது சார். ரெண்டும் நான்தான் தெச்சேன். பேனா வைக்கன்னு சொன்னாங்க." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "பேனா இல்லாமலே என் வூட்டுக்காரன் தலையெழுத்தை எழுதிட்டானே பாவி. அதுவும் என் கையாலயே தெக்க வச்சி."

இன்ஸ்பெக்டர் உறையைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டார்.

"மூர்த்தி சார்," என்றார் சவுரியம்மாள், "அம்பிகா இப்ப சொன்னதை வாக்குமூலத்துல எழுதிக்குங்க. ஒரு வார்த்தை மாறக் கூடாது."